ஓல்டன் ஹால் கோட்டையான கதை: 5972 என்ஜினின் முழு வரலாறு

முதல் ஹாரி பாட்டர் படம் 2001 நவம்பரில் வந்தது. அதில் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் புகை சூழ நிற்கும் சிவப்பு என்ஜின் வரும் இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். சக்கர மூடிக்கு மேலே வளைவாக 'ஹாக்வர்ட்ஸ் காசில்' என்று ஒரு பெயர்ப் பலகை இருக்கும். ஓட்டுநர் நிற்கும் கூண்டின் பக்கவாட்டில் 5972 என்று ஓர் எண் இருக்கும். பெயர் கதைக்காக மாட்டியது. எண் அந்த என்ஜினின் சொந்த எண், 1937-ல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோதே அதனுடையது. அதன் உண்மையான பெயர் ஓல்டன் ஹால்.

பல வருடங்களாக இந்த என்ஜினைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: ஹாக்வர்ட்ஸ் என்ற மந்திரப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோகும் அந்த ரயிலைப் பற்றிக் கதையில் இருப்பது மிகக் கொஞ்சம். சிவப்பு நீராவி என்ஜின், காலை 11 மணி, ஒன்பதே முக்காலாம் நடைமேடை. அது எந்த வகை என்ஜின், எத்தனை சக்கரம், புகைபோக்கி எப்படி இருக்கும் என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை. இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் 'ஹாக்வர்ட்ஸ் எக்ஸ்பிரஸ்' என்று வரையும் உருவம் முழுவதும், செம்பு விளிம்பு வைத்த புகைபோக்கி முதல் கொதிகலன் மேல் நிற்கும் பித்தளைக் குப்பி வரை, இந்த ஒரு நிஜ என்ஜின் கொடுத்தது. தன் உடம்பை முழுசாகக் கொடுத்துவிட்டு, பதிலுக்குத் தன் பெயரை இழந்தது.

சரி, முதலில் இருந்து வருவோம்.

இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, அதாவது லண்டனில் பாடிங்டன் நிலையத்தில் தொடங்கி மேற்கே பிரிஸ்டல், வேல்ஸ், கார்ன்வால் பக்கம் போன நிறுவனம், தன் என்ஜின்களை ஸ்விண்டன் ஊரில் இருந்த சொந்தப் பட்டறையிலேயே செய்துகொண்டது. 1920-களில் அங்கே தலைமைப் பொறியாளராக இருந்தவர் சார்லஸ் காலட். அவருக்கு ஒரு தேவை இருந்தது: பயணிகள் ரயிலையும் இழுக்க வேண்டும், சரக்கையும் இழுக்க வேண்டும், அதே என்ஜின் இரண்டையும் செய்ய வேண்டும். புதிதாக ஒன்றை வரையாமல், 1924-ல் 'செயின்ட் மார்ட்டின்' என்ற பழைய விரைவு ரயில் என்ஜினை எடுத்து, அதன் ஆறடி எட்டரை அங்குல உந்து சக்கரங்களைக் கழற்றி, ஆறடி சக்கரங்களைப் போட்டுப் பார்த்தார். சக்கரம் சிறிதானால் உச்ச வேகம் கொஞ்சம் குறையும், இழுக்கும் பலம் கூடும். சோதனை பிடித்துப்போனது. 1928 முதல் 'ஹால்' வகை என்ஜின்கள் வரிசையாக வந்தன. முதல் வடிவத்தில் மட்டும் இருநூற்றைம்பதுக்கு மேல். எல்லாவற்றுக்கும் ஊர்ப்பக்கத்துப் பெரிய மாளிகைகளின் பெயர் வைத்தார்கள். அப்படி 1937 ஏப்ரலில் வந்ததுதான் 5972, பர்மிங்காம் அருகே ஓல்டன் என்ற இடத்து மாளிகையின் பெயரோடு.

முன்னால் நான்கு சிறிய சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் எதுவும் இல்லை. வெளியே இரண்டு சிலிண்டர்கள், பதினெட்டரை அங்குல விட்டம், முப்பது அங்குல ஓட்டம். சதுர அங்குலத்துக்கு 225 பவுண்டு ஆவி அழுத்தம். இரண்டு சிலிண்டரிலும் பிஸ்டனின் இரு பக்கமும் ஆவி மாறி மாறித் தள்ளுவதால், பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் புகைபோக்கியில் நான்கு முறை 'சுக்' என்று அடிக்கும். ஆறடிச் சக்கரம் மணிக்கு 40 மைல் வேகத்தில் நொடிக்கு மூன்று சுற்றுப் போகும். அப்படியானால் நொடிக்குப் பன்னிரண்டு 'சுக்'! அந்த வேகத்தில் தனித்தனி 'சுக்' காதில் விழாது, ஒரே உறுமலாகத்தான் கேட்கும். ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போதுதான் ஒவ்வொன்றையும் எண்ணலாம்.

ஓல்டன் ஹாலின் வேலைக்காலத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே அதன் சிறப்பு என்று நினைக்கிறேன். வேல்ஸில் கார்மார்த்தன் ஷெட்டில் இருந்தது, கடைசியில் கார்டிஃப் ஈஸ்ட் டாக் ஷெட்டில் முடித்தது. சாதனை வேகம் எதுவும் அதன் பெயரில் இல்லை. அதன் ஓட்டுநர்களும் ஃபயர்மேன்களும் நிலக்கரி அள்ளிப்போட்டு நேரத்துக்கு ரயிலைக் கொண்டுசேர்த்தார்கள், அவ்வளவுதான். 1963 டிசம்பரில் பணியிலிருந்து எடுத்தார்கள். அப்போது டீசல் வந்துவிட்டது, பிரிட்டிஷ் ரயில்வே நீராவியை ஒட்டுமொத்தமாக மூட்டை கட்டிக்கொண்டிருந்தது, ஆயிரக்கணக்கில் என்ஜின்கள் வெட்டுக்குப் போன காலம் அது. 1964-ல் ஓல்டன் ஹாலும் பழைய இரும்பு விலைக்குப் போனது.

போன இடம்தான் அதன் அதிர்ஷ்டம். தெற்கு வேல்ஸில் கடலோர ஊரான பாரியில் வுட்ஹாம் சகோதரர்களின் காயலான் கடை. நடத்தியவர் டாய் வுட்ஹாம். அவர் என்ஜின்களோடு பழைய சரக்கு வேகன்களையும் ஏராளமாக வாங்கியிருந்தார். வேகனை வெட்டுவது எளிது, சீக்கிரம் காசாகும். நீராவி என்ஜினை வெட்டுவது பெரிய பாடு. அதனால் வேகன்களை முதலில் வெட்டுவோம், என்ஜின்கள் நிற்கட்டும் என்று விட்டார். நின்றவை நின்றுகொண்டே இருந்தன. உப்புக்காற்றில் துருப்பிடித்து, பித்தளையும் செம்பும் திருடுபோய், கொதிகலனைச் சுற்றியிருந்த தகடுகள் ஓட்டையாகி, வரிசை வரிசையாக நின்ற அந்த என்ஜின்களின் படங்களைப் பார்த்தால் இன்றும் மனசு என்னவோ செய்கிறது. ஆனால் அவை உயிரோடு இருந்தன. மற்ற காயலான் கடைகளுக்குப் போனவை சில மாதங்களிலேயே காணாமல் போன நேரத்தில், பாரிக்குப் போனவற்றை 1968 முதல் ரயில் ஆர்வலர்கள் உண்டியல் குலுக்கிப் பணம் சேர்த்து ஒவ்வொன்றாக மீட்டார்கள். வுட்ஹாம் வாங்கிய 297 என்ஜின்களில் 213 தப்பின. இன்று பிரிட்டனில் ஓடும் பாரம்பரிய ரயில் பாதைகளில் பாதி அந்தக் கடையில் இருந்து கிளம்பியது என்று சொன்னால் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், ஆனால் அந்த 213 இல்லாமல் அந்த இயக்கம் இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது.

ஓல்டன் ஹால் அங்கே 17 வருடம் நின்றது. 1981-ல் வெளியே வந்தது. அப்புறம் யார்க்‌ஷயரில் வேக்ஃபீல்டு பக்கம் வைத்துப் பழுதுபார்த்து, மறுபடி பிரதானப் பாதையில் ஓடத் தொடங்கியது 1998-ல். அதற்கும் 17 வருடம். மொத்தத்தில் வேலை பார்த்தது 26 வருடம், சும்மா நின்றதும் சிகிச்சையில் கிடந்ததும் 34 வருடம். இந்தக் கணக்கை நான் இங்கே போடுவதற்குக் காரணம் உண்டு. 'படம் வந்ததால்தான் இந்த என்ஜின் பிழைத்தது' என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இல்லை. படக்குழு வருவதற்கு முன்பே அதைப் பிழைக்க வைத்துவிட்டார்கள், கையில் ஸ்பேனரோடு பட்டறையில் நின்றவர்கள். அந்தப் பெருமையைத் திரைக்குக் கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

வேஷம் போட்ட முதல் என்ஜின் இது இல்லை

பலருக்குத் தெரியாத பகுதி இது. ஹாக்வர்ட்ஸ் எக்ஸ்பிரஸாகச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்ட முதல் என்ஜின் ஓல்டன் ஹால் இல்லை. சதர்ன் ரயில்வேயின் 34027 'டா வேலி' என்ற என்ஜின். 2000-ல் நான்காம் புத்தகம் வெளியானபோது விளம்பரப் பயணத்துக்காக அதற்குச் சிவப்புப் பூசி, பெயர் மாற்றி ஓட்டினார்கள். படத்துக்கும் அதுவே வரும் என்ற நிலை இருந்தது. இயக்குநர் கிறிஸ் கொலம்பஸ் பார்த்துவிட்டு, இது ரொம்ப நவீனமாக இருக்கிறது, வேண்டாம் என்றார்.

கணக்குப்படி பார்த்தால் வியப்பாக இருக்கும். டா வேலி 1946-ல் செய்தது, ஓல்டன் ஹால் 1937-ல். ஒன்பதே வருட வித்தியாசம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஐம்பது வருட இடைவெளி தெரியும். டா வேலியின் உந்து சக்கரங்களில் ஆரக்கால் கிடையாது, தட்டுப்போல இருக்கும். முகத்தின் இரு பக்கமும் புகையை மேலே தள்ளுவதற்கான பெரிய தகடுகள். ஓல்டன் ஹாலிலோ ஆரக்கால் வைத்த சக்கரம், செம்பு விளிம்புப் புகைபோக்கி, பின்பக்கம் போகப்போகப் பருக்கும் கொதிகலன். காலட் அடிப்படையாக எடுத்த 'செயின்ட்' வகை, அவருக்கு முன்பிருந்த ஜார்ஜ் சர்ச்வார்ட் 1900-களின் தொடக்கத்தில் வரைந்தது. ஸ்விண்டன்காரர்கள் நன்றாக ஓடும் ஒரு வடிவத்தை அவ்வளவு சீக்கிரம் மாற்ற மாட்டார்கள். ஆக, 1937-ல் பிறந்த என்ஜினுக்கு 1905-ன் முகம். மந்திரப் பள்ளிக்குப் போகும் ரயிலுக்கு அந்த முகம்தான் வேண்டும். கொலம்பஸ் எடுத்த முடிவு சரி. ரயில் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது வேறு விஷயம், கண் சரியாக வேலை செய்திருக்கிறது.

ஒதுக்கப்பட்ட டா வேலியும் பாரி காயலான் கடையில் கிடந்து மீண்டதுதான். ஒரே இடத்தில் துருப்பிடித்த இரண்டு என்ஜின்கள் ஒரே வேடத்துக்குப் போட்டியிட்டிருக்கின்றன.

ரயில்காரர்களின் மூன்று குறைகள்

தேர்வு முடிந்ததும் ஓல்டன் ஹாலுக்குச் சிவப்புப் பூசினார்கள். இங்கேதான் ரயில் ஆர்வலர்களுக்குக் கோபம் வந்தது. அவர்கள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

கிரேட் வெஸ்டர்ன் என்றால் பச்சை. கரும்பச்சை உடம்பு, செம்பு, பித்தளை. அந்த நிறுவனத்தின் அடையாளமே அது. சிவப்பு என்பது போட்டி நிறுவனமான எல்.எம்.எஸ்-ன் விரைவு என்ஜின்களின் நிறம். ஒரு ஊர்க் கோயில் தேருக்கு எதிர்த்த ஊர்க்காரர்களின் கொடியைக் கட்டியது போல அவர்களுக்கு இருந்திருக்கும். அடுத்தது பெயர். கிரேட் வெஸ்டர்னில் 'காசில்' என்பது தனி வகை, 1923-ல் கேர்ஃபிலி காசில் என்ற என்ஜினோடு தொடங்கியது, இரண்டு இல்லை நான்கு சிலிண்டர், முதல்தர விரைவு ரயில்களுக்கானது. ஹால் என்பது எல்லா வேலையும் பார்க்கும் ரகம். ஆக, ஒரு ஹாலுக்குக் காசில் என்று பெயர் வைத்தது வகையையே குழப்புகிறது. மூன்றாவது, இந்த என்ஜின் கிங்ஸ் கிராஸில் நிற்பதே தப்பு. மேற்கு ரயில்வேயின் என்ஜினுக்கு லண்டனில் வீடு பாடிங்டன். கிங்ஸ் கிராஸ் கிழக்குக் கரைப் பாதையின் நிலையம். கிரேட் வெஸ்டர்ன் ஒரு காலத்தில் ஏழடி அகலத் தண்டவாளம் போட்டிருந்ததால் அதன் பாதையில் பக்கவாட்டு இடம் தாராளம், அதற்கேற்ப அதன் என்ஜின்களின் சிலிண்டர்கள் வெளியே அகன்று நிற்கும், மற்ற நிறுவனங்களின் பாதைக்குப் போனால் நடைமேடை ஓரத்தில் இடிக்கும் என்ற கவலை எப்போதும் உண்டு.

மூன்றும் உண்மை. ஆனால் மூன்றில் எனக்குப் பெரிதாகப் படுவது பெயர் மட்டும்தான். சாயத்தை மறுநாளே மாற்றலாம். நிலையம் கதையின் தேவை, அந்தக் கதாசிரியரே நடைமேடை எண்களை எழுதும்போது மனதில் யூஸ்டன் நிலையத்தை வைத்துக் குழம்பிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். கிங்ஸ் கிராஸில் நிஜமான 9-ம் 10-ம் பக்கத்துக் கட்டடத்தில் இருப்பதால், படத்தை 4, 5 எண் நடைமேடைகளில் எடுத்தார்கள். பெயர் வேறு. பெயர் ஒட்டிக்கொண்டால் போகாது.

ஓடிய இடங்கள்

படத்தில் ரயில் லண்டனில் கிளம்பி ஹாக்ஸ்மீடில் நிற்கும். அந்த ஹாக்ஸ்மீட், யார்க்‌ஷயரில் கோத்லாண்ட் என்ற சின்ன ஊரின் நிலையம். 1865-ல் கட்டியது, நார்த் யார்க்‌ஷயர் மூர்ஸ் ரயில்வே என்ற பாரம்பரியப் பாதையில் இருக்கிறது, பெரிதும் தன்னார்வலர்கள் நடத்துவது. முதல் படத்தின் கடைசியில் பிள்ளைகள் விடைபெறும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அந்தக் கல் கட்டடமும் இரும்பு நடைபாலமும் நிஜம்.

ஆனால் மக்கள் மனதில் பதிந்தது கிளென்ஃபின்னன் பாலம். ஸ்காட்லாந்தின் மேற்கே ஃபோர்ட் வில்லியத்தில் இருந்து மலேக் போகும் 41 மைல் பாதையில் இருக்கிறது. 21 வளைவுகள், ஏறக்குறைய 380 மீட்டர் நீளம், 30 மீட்டர் உயரம், அதுவும் நேராக இல்லாமல் மெல்லிய வில் போல வளைந்து போகும். கம்பி வைக்காத வெறும் கான்கிரீட்டில் கட்டியது, ராபர்ட் மெக்கல்பைன் நிறுவனத்தின் வேலை, பாதை 1901-ல் திறந்தது. வளைவில் ஓடுவதால் ரயிலின் கடைசிப் பெட்டியில் இருந்து பார்த்தாலும் முன்னால் என்ஜின் தெரியும். படம் எடுப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! இரண்டாம் படத்தில் பறக்கும் காரைத் துரத்தி என்ஜின் வருவதும், மூன்றாம் படத்தில் மழையில் ரயில் நின்று விளக்குகள் அணைவதும் இந்தப் பாலத்தில்தான். நீராவி என்ஜின் என்பது நடமாடும் அடுப்பு என்பதை மறக்கக்கூடாது. மூன்றாம் படத்துக்கான படப்பிடிப்பில் தீப்பொறி பறந்து மலைச்சரிவில் புதர்கள் எரிந்தன.

வேல்ஸுக்கும் கார்ன்வாலுக்கும் செய்த என்ஜின் தன் பழைய வேலையில் ஸ்காட்லாந்தின் இந்த மலைப்பாதைக்கு ஒருநாளும் வந்திருக்காது. அந்த வாய்ப்பைத் திரை கொடுத்தது. அது பின்னால் இழுத்த பெட்டிகள் 1950-களில் இருந்து வந்த மார்க் 1 பெட்டிகள், கையால் இழுத்துச் சாத்தும் கதவுள்ளவை, கூபே கூபேயாகப் பிரித்தவை.

ஊருக்குக் கிடைத்தது என்ன? அந்தப் பாதையில் 1984 முதலே கோடைக்காலச் சுற்றுலா நீராவி ரயில் ஓடியது. இன்று ஜாகோபைட் என்று பெயர். படத்துக்குப் பிறகு அதற்குக் கூட்டம் சொல்லி மாளாது. ஆனால் அதை இழுப்பது பெரும்பாலும் வேறு கறுப்பு என்ஜின்கள். பாலத்தின் கீழே நூற்றுக்கணக்கில் நின்று படம் எடுக்கிறவர்கள் பார்ப்பது ஓல்டன் ஹாலை இல்லை. பாலத்தின் மேல் ஏறி நடக்கிறவர்களும் உண்டு. போலீஸ் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது, இது உயிர் விஷயம், தினசரிப் பயணிகள் ரயில் போகும் பாதை அது. பழைய பெட்டிகளும் சிக்கலைக் கொண்டுவந்தன. கதவுகளை ஒரே இடத்தில் இருந்து பூட்டும் வசதி இல்லை என்று 2023-ல் ஒழுங்குமுறை அமைப்போடு தகராறாகி, ஜாகோபைட்டை ஓட்டும் நிறுவனம் உயர் நீதிமன்றம் போய் அந்த டிசம்பரில் தோற்றது. பழமையின் அழகை விற்கும்போது பழமையின் ஆபத்துக்கும் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. என் கருத்தில் அந்தத் தீர்ப்பு நியாயமானது. அழகுக்காக ஒரு குழந்தை கதவில் இருந்து விழக்கூடாது.

தீ அணைந்த பிறகு

2011-ல் கடைசிப் படம் வெளிவந்தது. நீராவி என்ஜினுக்குக் கொதிகலன் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. சுமார் பத்து வருடத்துக்கு ஒருமுறை உறையைக் கழற்றி, குழாய்களை உருவி, தகடுகளைச் சோதித்து, தேய்ந்ததை மாற்றி மறுபடி சான்று வாங்க வேண்டும். பெரும் செலவு. ஓல்டன் ஹாலுக்கு அது நடக்கவில்லை. 2015 மார்ச்சில் லண்டனுக்கு வடக்கே லீவ்ஸ்டனில் இருக்கும் படக்கூடச் சுற்றுலாவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கூரையின் கீழே, கிங்ஸ் கிராஸ் போலச் செய்த அரங்கில், அளவாகப் புகை விட்டு, விளக்கு போட்டு. அங்கேதான் இருக்கிறது.

இதற்கு நல்லதும் சொல்லலாம். வெயில் மழை இல்லை, துரு இல்லை. பாரியில் கிடந்த காலத்தோடு ஒப்பிட்டால் அரண்மனை வாழ்வு. ஒரு பாரம்பரிய ரயில்வேக்கு வருடம் முழுக்க வந்தாலும் சேராத கூட்டம் அதைப் பார்க்கிறது, அதில் ஒரு பிள்ளையாவது 'இது எப்படி ஓடும்' என்று கேட்காமலா இருக்கும்! ஆனால் ஒதுக்கப்பட்ட டா வேலி என்ன ஆனது தெரியுமா? விளம்பரப் பயணம் முடிந்ததும் சிவப்பைக் கழற்றிவிட்டுத் தன் பெயருக்குத் திரும்பியது. செவெர்ன் வேலி ரயில்வேயில் ஓடியது. 2022-ல் எலிசபெத் ராணியின் பிளாட்டினம் விழாவுக்கு ஊதாச் சாயம் பூசி ராணியின் பெயர் வைத்தார்கள், அதுவும் ஒரு வேடம்தான். வேடம் போடும், கலைக்கும், மறுபடி ஓடும். வேடத்துக்குத் தேர்வான என்ஜினால் மட்டும் அதைக் கலைக்க முடியவில்லை.

அமெரிக்காவில் ஆர்லாண்டோவின் யுனிவர்சல் பூங்காவில் 2014 முதல் இதே உருவத்தில் ஒரு ரயில் ஓடுகிறது. பார்க்க அசல் ஓல்டன் ஹால், ஆனால் அடியில் கம்பிவடம் இழுக்கிறது. கொதிகலனில் தண்ணீர் இல்லை. ஒரு வகையில் அந்தப் பிரதி ஓடுகிறது, அசல் நிற்கிறது. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. சிவப்பை அழிக்கச் சொல்லவில்லை, அந்தச் சிவப்பும் இப்போது அதன் வரலாற்றில் ஒரு அத்தியாயம். பக்கத்தில் நிற்கிறவர்கள் கண்ணில் படும்படி 'ஓல்டன் ஹால், ஸ்விண்டன், 1937' என்று பெரிதாக எழுதி வைக்கட்டும். பாரியில் நின்ற 17 வருடத்தையும், அதை மீட்டு ஓட வைத்தவர்களின் 17 வருடத்தையும் சொல்லட்டும். என்றாவது ஒருநாள் கொதிகலனைப் பிரித்துப் பார்த்து, மறுபடி தீ மூட்டட்டும். கூட்டம் வருமா என்ற சந்தேகமே வேண்டாம்.

அங்கே போகிறவர்களுக்கு: பெயர்ப் பலகை முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். அப்புறம் இரண்டடி பின்னால் நடந்து கூண்டுப் பக்கம் வாருங்கள். ஸ்விண்டன் என்ஜின்களில் ஓட்டுநர் வலது பக்கம்தான் நிற்பார், எட்டிப் பார்த்தால் கைப்பிடிகள் அந்தப் பக்கம் இருப்பது தெரியும். வெளியே பித்தளையில் 5972 இருக்கும். படத்துக்காக எல்லாவற்றையும் மாற்றினார்கள், அதை மட்டும் மாற்றவில்லை. ஆர்லாண்டோ பிரதியும் அதே எண்ணைத்தான் போட்டிருக்கிறது.